பழைய செப்புக் காசில் அழுக்கு எடுப்பது எப்படி? புளி போடாத முழு வழிகாட்டி

செம்பு என்றாலே நம் கை புளியைத் தேடும். குடம், சொம்பு, பஞ்சபாத்திரம் எதுவானாலும் ஒரு எலுமிச்சை அளவு புளியும் கொஞ்சம் கல் உப்பும் போட்டுத் தேய்த்தால் இரண்டே நிமிடத்தில் பளபளவென்று ஆகிவிடும். டிரங்குப் பெட்டி ஒழிக்கும்போது கிடைக்கும் காலணாவுக்கும் பல வீடுகளில் இதே வைத்தியம்தான் நடக்கிறது. பளபளப்பு வரும், சந்தேகமில்லை. கூடவே காசின் மேல்தோலும் போய்விடும்.

பாத்திரத்துக்கு அது பெரிய நஷ்டமில்லை. தகடு கனமானது, அதன் மேல் படிக்க வேண்டியது ஒன்றுமில்லை. காசில் அப்படியா? விக்டோரியா ராணியின் தலைமுடி இழைகள், ஆண்டு எண்கள், ஓரத்துப் புள்ளிகள் எல்லாம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு உயரத்தில்தான் நிற்கின்றன. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் கறுப்பைக் கரைக்கிறது. அந்தக் கறுப்பு எங்கிருந்தோ வந்து ஒட்டியதல்ல, காசின் செம்பே ஆக்சைடாக மாறியது. அதைக் கரைத்தால் ராணியின் மேல்தோல்தான் கரைகிறது. உப்பு செய்வது இன்னும் மோசம். அதிலிருந்து வரும் குளோரைடு நுண்ணிய குழிகளுக்குள் தங்கி, பல மாதம் கழித்துக் கூட காசை அரிக்கத் தொடங்கும். எலுமிச்சை, வினிகர், கோலா, பீதாம்பரி, பிராசோ, பற்பசை எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். அமிலம் கரைக்கும், பொடி உராயும்.

எனவே இந்த வேலைக்கு ஒரே ஒரு விதி: வெளியிலிருந்து வந்து ஒட்டியதை எடுக்கலாம், செம்பிலிருந்தே உண்டானதை விட்டுவிட வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த விதியைக் காப்பாற்றத்தான்.

படி 1: கையில் இருப்பது என்ன காசு?

தண்ணீரில் போடுவதற்கு முன் காசை அடையாளம் காணுங்கள். நம் வீடுகளில் அதிகம் கிடைப்பவை இவை: 1835 தேதியிட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக் காலணா, 1862 முதல் வந்த விக்டோரியா காலணா, ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் காலத்துக் காலணாக்கள், 1943 முதல் 1947 வரை வந்த நடுவில் ஓட்டை போட்ட காசு, 1950இல் வந்த குதிரை போட்ட ஒரு பைசா, 1957இல் தொடங்கிய ஒரு நயா பைசா. 1906 வரை காலணா செம்பு, அதற்குப் பிறகு வெண்கலம். வெண்கலத்திலும் பெரும்பங்கு செம்புதான், ஆகவே முறை ஒன்றே.

மெட்ராஸ் மாகாணத்துக்காக 1803இல் இங்கிலாந்தின் சோஹோ ஆலையில் அடித்த 10 காசு, 20 காசு நாணயங்களும் தமிழ்நாட்டில் கிடைப்பதுண்டு. 1808 தேதியிட்டவற்றில் பல கடலில் கிடந்து வந்தவை. மெட்ராஸுக்கு அவற்றை ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரைக்கு அருகே குட்வின் மணல் திட்டில் மூழ்கியது. 1980களில் அதிலிருந்து லட்சக்கணக்கில் காசுகளை எடுத்தார்கள். உங்களிடம் உள்ளது அப்படிப்பட்ட காசு என்றால் அதற்குள் கடல் உப்பு இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள்.

இவற்றையெல்லாம் விடக் கவனம் தேவைப்படுவது சோழர் செப்புக் காசு. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், அதன் இடது கைக்குக் கீழே நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ'. இதே அச்சு அமைப்பைப் பின்னர் இலங்கை அரசர்களும் எடுத்துக்கொண்டார்கள். பராக்கிரமபாகு, லீலாவதி அரசி ஆகியோர் பெயரிலும் இதே மாதிரியான காசுகள் உண்டு. உருவத்தைப் பார்த்தால் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இது தஞ்சாவூரா பொலன்னறுவையா என்று சொல்வது அந்தக் கைக்குக் கீழே இருக்கும் எழுத்து மட்டுமே. அழுத்தித் தேய்த்தால் முதலில் மழுங்குவதும் அந்த எழுத்தே. பெயர் போன காசை எந்த நிபுணரிடம் காட்டினாலும் பெயர் திரும்பாது. இப்படிப்பட்ட காசு கையில் இருந்தால் வீட்டில் தண்ணீரில் ஊறவைப்பதோடு நிறுத்திக்கொண்டு, விவரம் தெரிந்தவரிடம் காட்டுவதே நல்லது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதலே உலோகப் பொருட்களைப் பாதுகாக்கும் வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. இது தனிப் படிப்பாகக் கற்றுச் செய்யும் தொழில் என்பதை மறக்க வேண்டாம்.

காசு மண்ணில் புதைந்து கிடைத்ததா? அப்படியானால் அழுக்கு எடுப்பது அப்புறம். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு வருஷத்தைத் தாண்டிய காசு தொல்பொருள் கணக்கில் வரும், அதை அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது.

இன்னொன்று. 1818 என்று ஆண்டு போட்டு, கிழக்கிந்தியக் கம்பெனி பெயரோடு ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ பொறித்த 'அரையணா' உங்களிடம் இருக்கலாம். கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. அரிசியை இழுக்கும், கோடி ரூபாய் பெறும் என்று சொல்லி 'ரைஸ் புல்லிங்' கும்பல்கள் ஏமாற்றுவது இந்த வகை வில்லைகளை வைத்துத்தான். பக்தியோடு பூஜையறையில் வைத்திருந்தால் இருக்கட்டும். விலை பேசி யாராவது வந்தால் கதவைச் சாத்திவிடுங்கள்.

படி 2: காசின் மேல் இருப்பது என்ன?

ஜன்னல் வெளிச்சத்தில், பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் வைத்து இரண்டு பக்கமும் பாருங்கள். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ் இருந்தால் போதும். கூடவே இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, எடையும் பார்த்து வையுங்கள். வேலை நடுவில் 'இது முன்பே இருந்ததா, இப்போது வந்ததா' என்ற சந்தேகம் நிச்சயம் வரும். அப்போது போட்டோதான் பதில் சொல்லும்.

எண்ணெய்ப் பிசுக்கு, குங்குமம், விபூதி, சந்தனம், மண், தூசி இவையெல்லாம் வெளியிலிருந்து வந்தவை. எடுக்கலாம். பழைய பிளாஸ்டிக் ஆல்பத்தில் வைத்த காசில் பச்சையாக, பிசுபிசுவென்று ஒரு படலம் இருக்கும். அது ஆல்பத்தின் பிவிசி என்ற பிளாஸ்டிக்கிலிருந்து கசிந்து வந்தது. அதையும் எடுக்கலாம், எடுத்தே ஆக வேண்டும்.

காபிக்கொட்டை நிறப் பழுப்பு, சிவந்த பழுப்பு, கறுப்பு, கெட்டியான கரும்பச்சை இவை செம்பிலிருந்தே உண்டானவை. பழுப்பும் கறுப்பும் ஆக்சைடு, அழுத்தமான பச்சை பெரும்பாலும் கார்பனேட். நாம் களிம்பு என்று சொல்வது இதைத்தான். ஆணவம் உயிரோடு கூடவே பிறந்தது என்று விளக்கச் சைவ சித்தாந்தம் செம்பையும் களிம்பையும்தான் உவமை காட்டுகிறது. வழவழப்பாக, நகத்தால் சுரண்டினாலும் வராமல் இருக்கிற களிம்பு காசுக்குக் கவசம். அடியில் உள்ள செம்பை அதுவே காப்பாற்றுகிறது. சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுப்பதும் அந்த நிறத்துக்குத்தான்.

மூன்றாவது வகை ஆபத்தானது. வெளிர் பச்சையில், மாவு மாதிரி உதிரும் புள்ளிகள். அதற்குத் தனியாக ஒரு படி பின்னால் வருகிறது.

படி 3: தேவையான சாமான்கள்

கண்ணாடிக் கிண்ணம் இரண்டு, காய்ச்சி வடித்த நீர், குழந்தைகள் பல் துலக்கும் மென்மையான பிரஷ், மூங்கில் பல்குச்சி, பஞ்சு சுற்றிய காது குச்சி, பழைய பருத்தி வேட்டித் துணி, மடித்துப் போட ஒரு துண்டு. காய்ச்சி வடித்த நீர் பேட்டரிக் கடையில் 'டிஸ்டில்ட் வாட்டர்' என்று கேட்டால் கேனில் கிடைக்கும். ஆசிட் கேனை எடுத்து வந்துவிடாதீர்கள், லேபிளைப் படித்து வாங்குங்கள். போர் தண்ணீரில் உப்பு, குழாய்த் தண்ணீரில் குளோரின். இரண்டுமே செம்புக்கு ஆகாது.

ஊசி, பிளேடு, கம்பி பிரஷ், பாத்திரம் தேய்க்கும் நார் எதுவும் மேஜைக்கே வரக் கூடாது. இரும்பு செம்பை விடக் கடினமானது, ஒரே கீறலில் கோடு விழுந்துவிடும். மூங்கில் மென்மையானது. கருவேல முள்ளும் நல்ல கருவி, நுனி மழுங்கினால் அடுத்த முள்.

முதல் காசாக, முகம் தேய்ந்து, இரண்டு மூன்று இருக்கிற ஆறாம் ஜார்ஜ் காலணாவை எடுத்துக்கொள்ளுங்கள். கை பழக அது போதும்.

படி 4: ஊறவைப்பது

கிண்ணத்தில் காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, காசை மெதுவாகப் படுக்க வையுங்கள். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். செப்புக் காசோடு வெள்ளி, நிக்கல், அலுமினியக் காசுகளை ஒரே கிண்ணத்தில் போடவும் கூடாது. இரண்டு உலோகம் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் அவற்றுக்குள் சின்ன மின்னோட்டம் ஓடி, ஒன்று அரிபடும்.

வெறும் கைப்பிசுக்கும் தூசியும் என்றால் ஒரு நாள் ஊறினால் போதும். எண்ணெய்ப் பிசுக்கு அதிகம் என்றால் முதல் தடவை மட்டும் வெதுவெதுப்பான நீரில் வாசனை குறைந்த பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு விட்டு, கால் மணி நேரம் கழித்து எடுத்துவிடுங்கள். எலுமிச்சை போட்டது என்று விளம்பரம் செய்யும் திரவம் வேண்டாம்.

மண் இறுகிய காசுக்குத்தான் உண்மையான பொறுமை தேவை. தினமும் தண்ணீரை மாற்றுங்கள். முதல் சில நாட்கள் தண்ணீர் கலங்கலாக, செம்மண் நிறத்தில் இருக்கும். பிறகு தெளியும். தெளிந்த பிறகும் சில நாள் தொடருங்கள், ஏனென்றால் மண்ணை விட மெதுவாக வெளியே வருவது உப்பு. வாரக்கணக்கில் ஆனாலும் ஆகட்டும். இந்த வேலையில் அவசரப்படுகிறவர்கள்தான் கடைசியில் புளியிடம் போகிறார்கள்.

படி 5: லென்ஸுக்கு அடியில்

வேலையின் மையம் இதுதான், இதற்கு நேரம் ஒதுக்கி உட்காருங்கள். மடித்த துண்டின் மேல் காசை வையுங்கள், கை தவறினாலும் அடிபடாது. காசு எப்போதும் ஈரமாகவே இருக்கட்டும். காய்ந்த மண்ணைத் தள்ளினால் அதிலுள்ள மணல் துகள் உப்புத்தாள் மாதிரி காசைக் கீறும்.

முதலில் காது குச்சி. அதைத் தேய்க்காதீர்கள், விரலால் சுழற்றிக்கொண்டே காசின் மேல் உருட்டுங்கள். உருளும் பஞ்சு அழுக்கைத் தூக்கிக்கொண்டு போகும், இழுக்கும் பஞ்சு அதே அழுக்கை வைத்துக் காசைத் தேய்க்கும். வெள்ளிக்கிழமைதோறும் பூஜையில் இருந்த காலணா என்றால், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் உள்ள பூவேலைப்பாடு, சங்கிலி முழுக்கக் குங்குமம் அடைந்திருக்கும். பஞ்சை உருட்ட உருட்ட வெள்ளை நுனி ரோஜா நிறமாகும். உடனே குச்சியை மாற்றுங்கள். மூன்றாவது, நான்காவது குச்சியில் நிறம் வராமல் போகும்போது அடியிலிருந்து பழுப்பு நிறத்தில் சங்கிலி வேலைப்பாடு எழுந்து வருவதைப் பார்க்கலாம். அந்தப் பழுப்பு வந்ததும் அந்த இடத்தில் வேலை முடிந்தது. அதற்கு மேல் ஒரு உருட்டல்கூட வேண்டாம்.

எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் இறுகிய மண்ணுக்குப் பல்குச்சி. நுனியைத் தண்ணீரில் நனைத்து மிருதுவாக்கிக்கொள்ளுங்கள். காசின் மேல் குத்தாமல், சாய்வாகப் பிடித்து, எழுத்தின் ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒவ்வொரு துகளாகத் தள்ளுங்கள். ஒரு துகள் வரவில்லையென்றால் அழுத்தாதீர்கள், காசை மறுபடி தண்ணீரில் போடுங்கள். நாளைக்கு அது தானாக இளகும். பிரஷ்ஷைக் கடைசியில், தண்ணீருக்கு அடியில் காசைப் பிடித்துக்கொண்டு, இளகிய தூசியைத் தட்டிவிட மட்டும் பயன்படுத்துங்கள்.

சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக, கல்லாக இறுகிய படிவு சில புதையல் காசுகளில் இருக்கும். அது தண்ணீருக்கு அசையாது. அதை உடைத்தால் அதோடு களிம்பும் பெயர்ந்து வரும். அப்படியே விட்டுவிடுங்கள்.

படி 6: அசிட்டோன், தேவைப்பட்டால்

பிவிசி பிசுக்கு, பழைய மெழுகு, செல்லோடேப் பசை, எண்ணெய் இவை தண்ணீரில் போகாது. சுத்தமான அசிட்டோன் இவற்றை எடுக்கும், செம்பையோ களிம்பையோ தொடாது. ரசாயனக் கடையில் வாங்குங்கள். நெயில் பாலிஷ் ரிமூவரில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும், அது வேண்டாம்.

அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். சமையலறையில் வேண்டவே வேண்டாம். விளக்கு, அடுப்பு, ஊதுபத்தி எதுவும் அருகில் இல்லாத மொட்டை மாடியோ பால்கனியோ சரியான இடம். கையுறை போட்டுக்கொண்டு, மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் காசு மூழ்கும் அளவு ஊற்றி, அரை மணி நேரம் கழித்து எடுங்கள். திரவம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறியிருந்தால் புதிதாக ஊற்றி இன்னொரு முறை. கடைசியாகச் சுத்தமான அசிட்டோனில் ஒரு முக்கு முக்கி எடுத்தால் காசின் குழிகளில் உள்ள ஈரத்தையும் அது இழுத்துக்கொண்டு ஆவியாகிவிடும்.

எண்ணெயில் ஊறவைக்கலாமா?

ஆலிவ் எண்ணெய் முறை பலருக்குத் தெரிந்ததுதான். மாதக்கணக்கில் ஊறப்போட்டால் எண்ணெய் பச்சையாகும், கட்டி மண் இளகும். அந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலம் களிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பதால்தான் அந்த நிறம். மெதுவாக நடக்கிறதே தவிர, புளி செய்யும் வேலையேதான். நல்லெண்ணெய் கூடவே சிக்குப் பிடித்துப் பிசினாக ஒட்டிக்கொள்ளும். என் யோசனை, மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின். அது எதோடும் வினைபுரியாது. மண்ணின் இடுக்கில் புகுந்து பிடியைத் தளர்த்தும். சில வாரம் ஊறிய பிறகு படி 5, அப்புறம் அசிட்டோன்.

படி 7: வெளிர் பச்சைத் தூள்

வெளிர் பச்சைப் புள்ளியைப் பல்குச்சியால் தொட்டால் பவுடராக உதிரும், அடியில் சின்னக் குழி தெரியும். துடைத்து வைத்துச் சில நாளில் அதே இடத்தில் மறுபடி பூக்கும். இதைச் சேகரிப்பாளர்கள் 'ப்ரான்ஸ் டிசீஸ்', அதாவது வெண்கல நோய் என்கிறார்கள். கிருமியல்ல, குளோரைடு. காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் சேரும்போது உள்ளே இருக்கும் செப்பு குளோரைடு அமிலத்தை உண்டாக்கும், அந்த அமிலம் புதுச் செம்பைத் தின்று மறுபடி குளோரைடாகும். நிறுத்தாவிட்டால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். கடல் காசு, உவர்மண் காசு, உப்பு போட்டுத் தேய்த்த காசு மூன்றுக்கும் இந்த ஆபத்து அதிகம்.

உறுதியாகத் தெரிய வேண்டுமா? மூடிய டப்பாவில் ஈரப் பஞ்சைக் காசைத் தொடாமல் ஓர் ஓரமாக வைத்து, இரண்டு நாள் விடுங்கள். இந்தக் கோளாறு இருந்தால் புதுப் பச்சைப் புள்ளிகள் எழும். நல்ல களிம்பு அசையாது.

அந்தக் காசைத் தனியாகப் பிரித்து வையுங்கள். தூளை மட்டும் லென்ஸுக்கு அடியில் பல்குச்சியால் எடுங்கள். இந்த ஓர் இடத்தில் மட்டும் 'செம்பிலிருந்து உண்டானதைத் தொடாதே' என்ற விதி தளர்கிறது, ஏனென்றால் தூளை விட்டால் காசே மிஞ்சாது. பிறகு காய்ச்சி வடித்த நீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து, நீரை மாற்றிக்கொண்டே இருங்கள். அசிட்டோனில் முக்கி உலர்த்தி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் போட்ட இறுக்கமான டப்பாவில் மூடுங்கள். காற்றின் ஈரம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அரிப்பு ஏறக்குறைய நின்றுவிடும். ஆய்வகங்களில் பென்சோட்ரையசோல் என்ற ரசாயனத்தைப் பயன்படுத்துகிறார்கள். அது உடலுக்குக் கெடுதி, வீட்டில் வேண்டாம்.

படி 8: உலர்த்தி வைப்பது

எடுத்த காசை வேட்டித் துணியில் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஒரு நாள் முழுக்க மின்விசிறிக்கு அடியில் தாளின் மேல் கிடக்கட்டும். இனிமேல் விளிம்பை மட்டுமே பிடித்துத் தூக்குங்கள். விரல் வியர்வையில் உப்பு உண்டு, சுத்தம் செய்த காசில் ரேகை அப்படியே கறுத்துப் பதியும்.

மெழுகுப் பூச்சு கட்டாயமில்லை. கடலோர ஊர் என்றால் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மிக மிக மெல்லிசாகத் தடவி, மென்மையான துணியால் ஒற்றிவிடலாம். பின்னால் வேண்டாமென்றால் கரைத்து எடுத்துவிடவும் முடியும். வார்னிஷ், நெயில் பாலிஷ் பூசவே கூடாது.

ஆல்பம் வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். புது மழைக்கோட்டு வாசனை அடித்தால் அது பிவிசி, வாங்காதீர்கள். பாலிபுரொப்பிலீன் அல்லது மைலார் (பாலியெஸ்டர்) பிளாஸ்டிக் உறை நல்லது. ரப்பர் பேண்டில் கந்தகம் உண்டு, செம்பைக் கறுக்க வைக்கும். செய்தித்தாளில் சுற்றுவதும் சரியல்ல, அந்தத் தாளில் அமிலம் இருக்கிறது.

ஏற்கெனவே யாரோ புளி போட்டுத் தேய்த்த காசு உங்களிடம் இருந்தால், அதை ரசாயனம் போட்டுக் கறுக்க வைக்க முயல வேண்டாம். போலி நிறம் பழகிய கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் நன்றாக ஊறவைத்து, மிச்சமிருக்கும் அமிலத்தையும் உப்பையும் வெளியேற்றி, உலர்த்தி, அமிலமில்லாத தாள் உறையில் போட்டு அலமாரியில் வையுங்கள். ஆண்டுகள் போகப் போக அதுவாகவே பழுப்பேறும்.

சிலிக்கா ஜெல் வாங்கினால் ஆரஞ்சு நிற மணிகளாகப் பாருங்கள், ஈரம் குடித்ததும் நிறம் மாறிக் காட்டிவிடும். நீல மணிகளில் கோபால்ட் உப்பு இருக்கும், அவற்றைத் தவிர்க்கலாம். ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறையும் மார்கழி முடிந்து ஒரு முறையும் டப்பாவைத் திறந்து, மணிகளை மாற்றி, ஒவ்வொரு காசையும் லென்ஸில் பார்த்துவிடுங்கள். வெளிர் பச்சை எங்கே தெரிந்தாலும் அந்தக் காசு அன்றைக்கே தனி டப்பாவுக்குப் போக வேண்டும்.